வீட்டுக்குப் பொதுவாய் ஒரு பிரிண்டர், ஒரு பெட்டகம்

வீட்டில் பிரிண்டர் இருக்கிறது. ஆனாலும் பிரிண்ட் எடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓடுகிறோம். ஏனென்றால் அந்தப் பிரிண்டர் அப்பாவின் லேப்டாப்போடு யுஎஸ்பி கேபிளால் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அப்பாவோ லேப்டாப்போடு அலுவலகம் போய்விட்டார். மகளுக்கு நாளைக் காலை புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்கு வந்த இன்சூரன்ஸ் பாலிசி வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. பென் டிரைவைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டரில் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் தங்கிவிடுகின்றன.

கோப்புகளின் நிலைமையும் இதேதான். கல்யாண வீடியோ, அண்ணன் பெங்களூருக்கு எடுத்துப்போன ஹார்டு டிஸ்க்கில். பட்டாவின் ஸ்கேன், அக்காவின் மெயிலில். தாத்தாவின் குரல் பதிவு, டிஸ்பிளே உடைந்துபோன ஒரு பழைய செல்போனில். எல்லாமே நம் குடும்பத்திடம்தான் இருக்கிறது. ஆனால் எதுவும் வீட்டுக்குச் சொந்தமாக இல்லை. ஏதோ ஓர் இயந்திரத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. அந்த இயந்திரம் வெளியூர் போனால், பழுதானால், திருட்டுப் போனால், அதற்குள் இருப்பதும் கூடவே போய்விடுகிறது.

இதை மாற்றுவதற்கான கருவி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. மாதச் சந்தா கட்டி வாங்கியிருக்கும் வைஃபை ரவுட்டர்தான் அது. இணையத்தைக் கொண்டுவந்து தருவது அதன் பாதி வேலை. வீட்டில் உள்ள இயந்திரங்களை ஒன்றோடொன்று பேச வைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நாம் தொடுவதே இல்லை. வெளியே ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்து இணையம் நின்றுபோனாலும், வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க் நிற்காது. ஹாலில் இருக்கும் போனிலிருந்து அறையில் இருக்கும் பிரிண்டருக்குத் தாள் போகும். அலமாரிப் பெட்டியில் இருக்கும் படம் டிவியில் ஓடும். இது பலருக்குச் சொன்னால்தான் தெரிகிறது.

பிரிண்டருக்காகப் பிறந்த நெட்வொர்க்

இப்போது நாம் பயன்படுத்தும் நெட்வொர்க் முறை பிறந்ததற்கு ஒரு பிரிண்டரும் காரணம். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையம், 1973-இல் ஆல்டோ என்ற கணினியை உருவாக்கியது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி என்பதே அப்போது பெரும் புதுமை. அதே மையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார். நொடிக்கு ஒரு பக்கம் அச்சடிக்கும் இயந்திரம் அது. மேசைக்கு ஒரு கணினி வைக்கலாம். மேசைக்கு ஒரு லேசர் பிரிண்டர் வைக்க முடியாது. அத்தனை கணினிகளையும் ஒன்றோடொன்றும் அந்தப் பிரிண்டரோடும் இணைத்தாக வேண்டும். அந்த வேலை பாப் மெட்கால்ஃபிடம் வந்தது. 1973 மே 22 அன்று அவர் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய முதல் வலையின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். இன்று ரவுட்டரின் பின்னால் நாம் செருகும் கேபிள் அதன் நேர் வாரிசு.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை ஹார்டு டிஸ்க்கில் நடந்தது. 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி-யில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது. இன்றைய போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது நிறைந்துவிடும். அன்றைக்கு அது ஆடம்பரம். ஆகவே ஓர் அலுவலகத்தில் ஒரு டிஸ்க்கை வைத்துப் பலரும் பகிர்ந்துகொண்டார்கள். நாவெல் நெட்வேர் அந்த ஆண்டில்தான் வந்தது. ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்த எஸ்எம்பி என்ற நெறிமுறையும் அந்தக் காலத்தது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது இன்றைக்கும் வேலை செய்வது அந்த எஸ்எம்பியின் பேரப்பிள்ளைதான்.

கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், எஸ்எம்பி உரையாடலின் பைட்டுகளை நெட்வொர்க்கில் கவனித்துப் படித்து, 1992-இல் யூனிக்ஸ் இயந்திரங்களுக்கு அதே மொழியைப் பேசும் மென்பொருளை வெளியிட்டார். சம்பா என்ற பெயரில் அது இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கு உள்ளே ஓடுவது அந்த மாணவர் தொடங்கிவைத்த மென்பொருளே.

எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கோபம் வந்ததும் ஒரு பகிர்ந்த பிரிண்டரால்தான். பிரிண்டர் வேறு தளத்தில் இருந்தது. காகிதம் சிக்கினால் வரிசையில் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அந்த மறுப்பும் ஒரு தூண்டுதல். பொதுவாக வைத்திருக்கும் ஒரு பொருளின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. வீட்டு நெட்வொர்க்கிலும் அதே கேள்விதான்.

‘ஆஃப்லைன்’ என்று ஏன் வருகிறது?

பிரிண்டரைப் பகிர இரண்டு வழிகள். ஒரு கணினியில் யுஎஸ்பியில் மாட்டி, அந்தக் கணினி வழியாக மற்றவர்களுக்குக் கொடுப்பது ஒன்று. பிரிண்டரையே வைஃபையிலோ கேபிளிலோ நேரடியாக ரவுட்டரோடு சேர்ப்பது இன்னொன்று. முதல் வழியில், அந்தக் கணினி விழித்திருந்தால்தான் பிரிண்டரும் விழித்திருக்கும். “அப்பா, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்கப்பா” என்ற குரல் வீட்டில் ஓயாது. பிரிண்டரில் வைஃபை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய லேசர் பிரிண்டர் நன்றாக ஓடுகிறதென்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரவுட்டரில் யுஎஸ்பி துளை இருந்து, பிரிண்டர் பகிர்வு வசதியும் இருந்தால் அதில் மாட்டலாம். இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் கப்ஸ் என்ற இலவச அச்சு மென்பொருளை நிறுவி உயிர் கொடுக்கலாம்.

நேரடியாகச் சேர்த்த பிறகும் ஒரு நாள் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். பிரிண்டரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், காகிதம் இருக்கும், இங்க் இருக்கும். கணினி மட்டும் ‘இல்லை’ என்று சாதிக்கும். பலர் அந்த இடத்தில்தான் மனம் வெறுத்துப் பழையபடி யுஎஸ்பி கேபிளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் முகவரியில் இருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது, 192.168.1.7 என்பதைப் போல. அந்த எண் நிரந்தரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், ரவுட்டர் மறுபடி தொடங்கினால், பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்துவிடலாம். கணினியோ பழைய எண்ணில் தட்டிக்கொண்டிருக்கும்.

தீர்வு ரவுட்டரில் இருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். பிறகு விண்டோஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது, தானாகக் கண்டுபிடிக்கும் வழியை விட்டுவிட்டு, ‘டிசிபி/ஐபி’ வழியில் அந்த எண்ணைக் கொடுத்துச் சேருங்கள். தானாகக் கண்டுபிடித்தால் விண்டோஸ் பல நேரம் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற துறையை (போர்ட்) உருவாக்கும்; அடிக்கடி ஆஃப்லைன் ஆவது பெரும்பாலும் அதனால்தான். டிசிபி/ஐபி வழியிலும் சரியாகவில்லை என்றால், அந்த டிசிபி/ஐபி துறையின் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். எஸ்என்எம்பி வழியாக விண்டோஸ் நிலைமையைக் கேட்கும் கேள்விக்குப் பிரிண்டர் பதில் சொல்லாதபோது, அது இறந்துவிட்டதாக விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி வரவேற்பறையில். அதன் சிக்னல் மாடிக்கு எட்டவில்லை என்று கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டர் மாடியில். இரண்டுமே தனித்தனி வலைகளாக ஓடிக்கொண்டிருக்கும். கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. இரண்டு தளத்திலும் இணையம் வருகிறது, ஆகவே யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. ஆனால் கீழே உள்ள போனால் மேலே உள்ள பிரிண்டரைப் பார்க்க முடியாது. மேலே உள்ள ரவுட்டரை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் வீடு மறுபடி ஒரே வலையாகிவிடும். அதைப் போலவே, விருந்தாளிகளுக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்த போனுக்கும் பிரிண்டர் தெரியாது. அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு, அப்படியே இருக்கட்டும். வீட்டு உபயோகப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே புரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைப் பட்டியலில் தேடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம்.

செல்போனிலிருந்து அச்சடிப்பது இப்போது மிக எளிது. ஆப்பிள் 2010-இல் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2013-இல் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. ஆண்ட்ராய்டு 8-லிருந்து மோப்ரியாவின் அச்சு வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. பிரிண்டர் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு பெயர்களும் பெட்டியின் மேல் இருக்கின்றனவா என்பதைத்தான். இவை பொதுத் தரங்களின்படி இயங்குபவை. கம்பெனியின் தனி டிரைவரை நம்பியிருக்க வேண்டியதில்லை. பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டது. கூகுள் கிளவுட் பிரிண்ட் என்ற சேவையை நம்பியிருந்தவர்கள், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது மூடப்பட்டபோது வேறு வழி தேட வேண்டியதாயிற்று. விண்டோஸ் 7-இல் வந்த ஹோம்குரூப் என்ற எளிய வீட்டுப் பகிர்வு முறையும் 2018-இல் விண்டோஸ் 10-லிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் முடிவால் நம் வீட்டுப் பிரிண்டர் நிற்கக்கூடாது என்றால், பொதுத் தரங்களைப் பேசும் கருவியை வாங்குவதுதான் வழி.

மாதத்துக்கு நாலைந்து பக்கம்தான் அச்சடிப்பீர்கள் என்றால், கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். இங்க் டேங்க் பிரிண்டரை வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் நாசில் காய்ந்துவிடக்கூடும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கவலை இல்லை, கலர் படங்களுக்குப் பஞ்சமே இராது.

பகிர்ந்த ஃபோல்டர்: எங்கே முட்டுகிறது?

ஒரு கணினியில் உள்ள ஃபோல்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவது ஐந்து நிமிட வேலை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். ஆனால் பலர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சின்னப் பெட்டியிலேயே நின்றுவிடுகிறார்கள். தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்க ‘பின்’ எண்ணை அதில் போடுகிறோம். தவறு என்கிறது. மறுபடி போடுகிறோம். மறுபடி தவறு. அந்தப் பின் எண் அந்த ஒரு கணினியின் வாசலுக்கு மட்டுமே உரிய சாவி. நெட்வொர்க் வழியாக வரும்போது அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கொடுக்க வேண்டும், அது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் இருக்காது. பகிர்வுக்கென்றே ‘வீடு’ என்பதைப் போல ஒரு தனி உள்ளூர்ப் பயனரை உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்து, அதை எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. எவருடைய சொந்தக் கடவுச்சொல்லும் வெளியே போகாது.

நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் எதையும் பகிராது. வீட்டு வைஃபையை ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். ரயில் நிலைய வைஃபையில் அது பப்ளிக் ஆகவே இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதையும் பகிர்வது வேண்டவே வேண்டாம். ‘எவ்ரிஒன்’ என்பவருக்கு முழு உரிமை கொடுக்கச் சொல்லும் யூடியூப் பாடங்களையும் கேட்காதீர்கள். குடும்பப் படங்களைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை, மாற்றவும் அழிக்கவும் இரண்டு பேருக்கு மட்டும் உரிமை என்று வைத்தால், நாலு வயதுப் பேரன் மவுஸைத் தட்டினாலும் பயமில்லை. ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் பார்க்க முடியாத ஒரு தனி ஃபோல்டரும் கொடுத்துவிடுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அது மிக முக்கியம். தனக்கென்று ஓர் இடம் இருந்தால்தான் பொது இடத்தில் மனதார எதையும் வைப்பார்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பழைய ரவுட்டரிலோ பழைய சேமிப்புப் பெட்டியிலோ உள்ள கோப்புகளைப் புதிய விண்டோஸ் திறக்க மறுக்கும். ‘எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும்’ என்று தேடுபொறி சொல்லும். சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகத்தைச் சுற்றியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் தப்பவில்லை. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2017 இறுதியிலிருந்து விண்டோஸ் எஸ்எம்பி 1-ஐத் தானாக நிறுவுவதில்லை. அந்தக் கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். அந்தப் பழைய பெட்டியில் உள்ளதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

அலமாரியில் ஒரு பெட்டி

பகிர்ந்த ஃபோல்டரிலும் பிரிண்டரின் அதே குறை இருக்கிறது. அந்தக் கணினி அணைந்தால் ஃபோல்டரும் அணைந்துவிடும். அதனால்தான் நாஸ் என்று அழைக்கப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வந்தது. இரண்டு ஹார்டு டிஸ்க், சின்ன மூளை, ஒரு நெட்வொர்க் கேபிள். திரை இல்லை, கீபோர்டு இல்லை. சைனாலஜி, கியூனாப் போன்ற தைவான் நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. இரவு பகல் எரிந்தால் கரண்ட் பில் எகிறுமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு டிஸ்க் பெட்டி சராசரியாக 20 வாட் இழுப்பதாக வைத்தால், இரண்டு மாத பில்லில் சுமார் 29 யூனிட் கூடும். அவ்வளவுதான்.

புதிய பெட்டிக்குப் பணம் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. ஓரமாய்க் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸும் சம்பாவும் போட்டால் அதுவே நாஸ். பேட்டரி இருப்பதால் மின்வெட்டையும் தாங்கும். ஆண்டுக்கணக்கில் சார்ஜரிலேயே இருக்கும் பேட்டரி உப்பிவிடும் அபாயம் உண்டு. 60 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைக்க முடிந்தால் வையுங்கள், உப்பல் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

பெட்டியை ரவுட்டரோடு வைஃபையில் சேர்க்காமல் கேபிளில் சேருங்கள். கேபிளைப் பற்றி எலக்ட்ரீஷியன்கள் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. 100 ஜிபி படங்களைப் பெட்டிக்கு மாற்றக் கிகாபிட் கேபிளில் கால் மணி நேரம். 100 மெகாபிட்டில் இரண்டரை மணி நேரம். வீடு கட்டும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைச் சுவருக்குள் இழுத்து விடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

பெட்டி வந்தபின் வீட்டில் என்ன மாறுகிறது? எல்லோருடைய போனிலும் எடுக்கும் படங்கள், வீட்டு வைஃபைக்குள் வந்ததும் தாமாகவே பெட்டிக்குள் போய்ச் சேரும். சைனாலஜி, கியூனாப் பெட்டிகளில் அதற்கான ஆப் உண்டு; லினக்ஸ் லேப்டாப் என்றால் இம்மிச், சிங்திங் என்ற இலவச மென்பொருள்கள். கூகுள் போட்டோஸ் கணக்கற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்தியபின் 15 ஜிபி எச்சரிக்கையைப் பார்த்துப் படங்களை அழித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. ஐபோனின் ஃபைல்ஸ் ஆப் நேரடியாக எஸ்எம்பி பேசும். ஆண்ட்ராய்டு டிவியில் வீஎல்சி-யை நிறுவினால், பெட்டியில் உள்ள கல்யாண வீடியோ சோபாவில் உட்கார்ந்தபடி ஓடும். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அந்தப் படங்களில் யார் யார் என்று சொல்லச் சொல்ல, மகள் கோப்பின் பெயரைத் திருத்தி எழுதலாம். ஒரு குடும்பத்தின் வரலாறு அப்படித்தான் சேர்கிறது.

பெயரைத் தமிழிலேயே எழுதலாம்; இன்றைய கணினிகளும் போன்களும் யூனிகோடில் தமிழைச் சரியாகக் காட்டும். சிக்கல் பழைய கோப்புகளில். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும், 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் முறையில் உள்ள ஆவணங்களும் இன்றைய கணினியில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. நம் வீட்டுக் கோப்புகள் தாமாக மாறவில்லை. அப்பா எழுதிய கவிதையும் சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கையும் அப்படிக் கிடந்தால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியால் யூனிகோடாக்கி, மூலத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். அந்த எழுத்துருக்களை அறிந்த தலைமுறை இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

போதாது. வீட்டுச் சேமிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாஸ் விற்பவர் ‘ரெய்டு’ போட்டிருக்கிறது, ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்பார். உண்மை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த முறை அது. டிஸ்க் பழுதிலிருந்து காப்பாற்றும். ஆனால் நீங்கள் ஒரு படத்தைத் தவறி அழித்தால், அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழிகிறது. பணயத் தீநிரல் பூட்டினால் இரண்டும் பூட்டப்படுகின்றன. திருடன் வந்தால் பெட்டியோடுதான் எடுத்துப்போவான்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னையின் தரைத்தள வீடுகளில் பீரோவுக்குள் இருந்த பத்திரங்களும், பக்கத்து மேசையில் இருந்த கம்ப்யூட்டரும் ஒன்றாகத்தான் மூழ்கின. மூலமும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. மதிப்பெண் பட்டியலுக்கு நகல் கிடைக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு எந்த முகாமில் நகல் கொடுப்பார்கள்? 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் இதே இழப்பு.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 கணக்கு நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். போனில் அல்லது லேப்டாப்பில் உள்ளது முதல் பிரதி. பெட்டியில் உள்ளது இரண்டாவது. மூன்றாவதை ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழைய டிஸ்க்கைத் திரும்ப எடுத்து வரலாம். டிஸ்க்கை பிட்லாக்கர் போன்றதால் பூட்டி வைத்தால் வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. மிக முக்கியமான நூறு கோப்புகளை, பத்திரம், சான்றிதழ், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை மட்டும் கிளவுடிலும் வைக்கலாம். கிளவுடை நான் எதிர்ப்பவன் அல்ல. மூன்றாம் பிரதிக்கு அது அருமையான இடம். ஒரே பிரதிக்கு அது தகுந்த இடமில்லை.

வெளியூரிலிருந்து பெட்டியைத் திறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்காக ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ மூலம் கதவு திறந்துவிடுவதைப் போல ஆபத்து வேறில்லை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பெட்டிகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு, உலகெங்கும் பலருடைய பெட்டிகள் ஒரே இரவில் காலியாயின. உற்பத்தி நிறுத்தப்பட்டு, பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் நின்றுபோன பழைய பெட்டிகள் அவை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூனாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டுமே உள்ளே வாருங்கள். நம் நாட்டில் பல நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால், கதவு திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் அந்தத் தடையையும் தாண்டிவிடும். ரவுட்டரில் ‘யுபிஎன்பி’ என்ற வசதியை அணைத்து வையுங்கள். பெட்டி தானாகவே கதவைத் திறந்துகொள்ளாமல் அது தடுக்கும்.

மின்சாரமும் முக்கியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ள கோப்பு அமைப்பு குலைந்துவிடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோடு’ ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். சாதாரண முறையில் மாறும் இடைவெளியிலேயே பெட்டி அணைந்துவிடக்கூடும். யுஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யுபிஎஸ் வாங்கிப் பெட்டியோடு இணைத்தால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானே முறைப்படி அணைந்துகொள்ளும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாகவே கிடைக்கிறது.

எழுதி வைக்க வேண்டிய தாள்

வீட்டில் இதையெல்லாம் அமைப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். மகனோ மருமகளோ கணவரோ. அவர் வேலைக்கு வெளிநாடு போகிறார். உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் கிடக்கிறார். சில வீடுகளில் அவர் திரும்பி வருவதேயில்லை. அப்போது அலமாரியில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் முப்பது ஆண்டுப் படங்கள் இருக்கும், திறக்க ஒருவருக்கும் தெரியாது. ஒரு லேப்டாப்பில் அடைபட்டிருந்ததை வெளியே எடுத்து ஒரு மனிதரின் தலைக்குள் அடைத்தால், வீடு ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

ஆகவே ஒரு தாள் எடுத்துக் கையால் எழுதுங்கள். ரவுட்டரின் முகவரியும் கடவுச்சொல்லும். பெட்டியின் முகவரி, நிர்வாகியின் பெயர், கடவுச்சொல். ‘வீடு’ பயனரின் கடவுச்சொல். பிட்லாக்கர் மீட்பு எண், 48 இலக்கமும். மூன்றாம் பிரதி யார் வீட்டு பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பது. கிளவுட் கணக்கு எந்த மெயிலில், இரண்டாம் சரிபார்ப்பு எண் யாருடைய போனுக்கு வரும் என்பது. இங்க் வாங்க வேண்டிய மாடல் எண்ணையும் கூடவே எழுதலாம். அந்தத் தாளைப் பத்திரங்கள் இருக்கும் கவரில் வைத்துவிட்டு, நீங்கள் அமைத்ததைத் தொடாத இன்னொருவரை உட்கார வைத்து, தாளை மட்டும் பார்த்து, அழிந்துபோனதாக வைத்துக்கொண்ட ஒரு படத்தை மூன்றாம் பிரதியிலிருந்து எடுத்துப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.